முறுக்கிய புல்லில் எரிந்த அடுப்பு

லவோன் ஹ்ருஷ்காவுக்கு நடிக்க வராது. வார நாட்களில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. சனிக்கிழமைகளில், எங்கள் ஊருக்கு வெளியே உள்ள குடியேறிகள் அருங்காட்சியகத்தில், நீளப் பாவாடையும் தலைத்துணியுமாக மண்வீட்டில் நிற்பாள். மரமில்லாத எங்கள் நெப்ராஸ்காவுக்கு முதலில் வந்தவர்கள், புல்தரையை வேரோடு பாளம் பாளமாக வெட்டி அடுக்கி இப்படித்தான் வீடு கட்டினார்கள். ஒரே அறை. அதன் எஜமானியாக அவள் பேச வேண்டும்.

"நின்னு பேச நேரமே இல்லாதவ மாதிரி நடிக்கணுமாம், நாள் பூரா நின்னு பேசிக்கிட்டே," என்பாள்.

அங்கே அவள் முதலில் சேர்ந்தது வெளியே புல் வெட்டத்தான். பாவாடை அளவு பொருந்தியதால் வீட்டுக்குள் நிறுத்தினார்கள். பார்க்க வருபவர்களைப் பார்த்து அவள் சிரிப்பதில்லை என்று புகார் உண்டு.

அந்த ஏப்ரல் சனிக்கிழமை முதியோர் இல்லத்திலிருந்து ஐந்து பேரை நான் அங்கே அழைத்துப் போனேன். நோயாளிகளைப் பார்த்துக்கொள்வதுதான் என் தொழில். ஓய்வு பெற்ற பிறகும் கூப்பிட்டால் போவேன். வேன் எங்களை மண்வீட்டு வாசலில் இறக்கிவிட்டு முன்வாசல் கட்டடத்துக்குத் திரும்பியது. தூறல் மழையானது, மழை பனியானது, பிறகு காற்று. கைநீட்டும் தூரம்கூடத் தெரியவில்லை. முன்வாசல் அலுவலகத்தைத் தொலைபேசியில் கேட்டபோது, "இருக்கிற இடத்திலேயே இருங்க, காத்து தணிஞ்சாதான் பனி அள்ளுற வண்டி வரும்" என்றார்கள்.

எமில் வோத்ரா தொண்ணூறைத் தாண்டியவர், எலும்பும் தோலும். குதிரைகளைப் பார்க்கிறேன் என்று மழையில் லாயம் வரை போய்த் தெப்பமாக நனைந்து வந்திருந்தார். முதலில் நடுங்கினார். பிறகு நடுக்கம் நின்றது. மற்றவர்கள் நிம்மதியானார்கள். ஆனால் ஈரத்தோடு குளிரில் இருக்கிற கிழவருக்கு நடுக்கம் நின்றால் உடம்பு கைவிடத் தொடங்கிவிட்டது என்று பொருள். வார்த்தைகளும் குழற ஆரம்பித்தன.

"லவோன், இந்த அடுப்பு எரியுமா?"

"யாருக்குத் தெரியும்? கமிட்டிக்காரங்க தீக்குச்சியே கூடாதுன்னுட்டாங்க. புகைக்குழாய்ல குருவி குடியிருக்கு."

"இவருக்கு இப்பவே சூடு வேணும். இல்லாட்டி தாங்க மாட்டார்."

அவள் சுவரில் மாட்டியிருந்த கயிற்றை இடுப்பில் கட்டி, மறுமுனையை என் கையில் திணித்தாள்.

"ரெண்டு தரம் இழுத்தேன்னா என்னை உள்ள இழுங்க. ஒண்ணும் இழுக்கலைன்னாலும் இழுங்க."

துடைப்பக் கட்டையோடு தாழ்ந்த கூரைமேல் ஏறினாள். தலைக்குமேல் குத்தும் சத்தம். கரியும் குருவிக்கூடும் அடுப்புக்குள் விழுந்தன. கயிறு இரண்டு தரம் அசைந்தது. புருவமெல்லாம் பனியாக உள்ளே வந்தாள்.

விறகு கிடையாது. காட்சிக்கு வைத்திருந்த காய்ந்த புல்தான். ஒரு பிடி எடுத்து இறுக்கி முறுக்கி, மடித்து, நுனியைச் செருகினால் முழங்கை நீளக் கட்டை. வந்தவர்களில் ஒருவர் சட்டைப்பையிலிருந்து லைட்டரை நீட்டினார். முதலில் புகை எங்கள் முகத்துக்கே திரும்பியது. பிறகு குழாய் உறுமி இழுத்துக்கொண்டது.

ஆனால் புல் நிற்காது. ஒன்றைப் போட்டு அடுத்ததை முறுக்குவதற்குள் அது சாம்பல். எல்லோர் மடியிலும் லவோன் புல்லை அள்ளிப் போட்டாள்.

"டிக்கெட்டும் வாங்கிட்டு வேலையும் செய்யணுமா?" என்றாள் பெர்னடின். இல்லத்திலேயே வாய் நீளம் அவளுக்குத்தான்.

"வாய் நிக்க வேணாம். கை நிக்கக் கூடாது," என்றாள் லவோன்.

எமிலின் ஈர உடுப்புகளைக் கழற்றி, உடம்பைத் துடைத்து, கட்டிலில் கிடந்த மெத்தைப் போர்வைகளில் சுற்றினேன். பெர்னடினை அவர் முதுகோடு ஒட்டிப் படுக்கச் சொன்னேன். படுத்தபடியே முறுக்கினாள்.

அப்போதுதான் நான் கவனித்தேன். வெளியே காற்று வேலிகளைப் பிய்த்துக்கொண்டிருந்தது. உள்ளே அதன் சத்தமே இல்லை. ஜன்னல் மாடத்தில் தொங்கிய சிலந்தி வலைகூட அசையவில்லை. சுவரில் கை வைத்தேன். என் கை நீளக் கனம். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் வேர்கள் மண்ணை விடாமல் பிடித்திருந்தன. எத்தனையோ ஆஸ்பத்திரி அறைகளில் வேலை பார்த்திருக்கிறேன். இப்படிப் பிடித்துக்கொள்ளும் அறையைப் பார்த்ததில்லை. இங்கே ஒருத்தி, பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு, மாவு பிசைந்துகொண்டு, குளிர்காலம் முழுக்கப் புல் முறுக்கியிருக்கிறாள். எமில் நீங்கலாக நாங்கள் ஆறு பேர் ஒரு மத்தியானத்துக்கே திணறினோம். லவோனைப் பார்த்தேன். விரல்களில் ரத்தம் கசிந்திருந்தது. யாரையும் பார்க்காமல் முறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் நடிக்கவில்லை.

திடீரென்று கட்டில் கடகடத்தது.

"ஐயய்யோ, இவர் ஆட ஆரம்பிச்சுட்டாரே," என்றாள் பெர்னடின்.

"ஆடட்டும். நல்லா ஆடட்டும்," என்றேன். அடுத்த கட்டையை அடுப்பில் போட்டேன்.

எமிலின் பல்லெல்லாம் தந்தியடித்தது. அதற்கிடையிலேயே, "தள்ளிப் படு பெர்னடின், ஊர்ல என்ன பேசுவாங்க," என்றார்.

இருட்டுவதற்கு முன் பனி வண்டி வந்தது. ஓட்டுநர் கதவைத் திறந்து, புல் குவியலுக்கு நடுவே நாங்கள் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"உள்ள வாங்க, இல்ல வெளிய நில்லுங்க. கதவை முதல்ல சாத்துங்க," என்றாள் லவோன்.

எமிலை வண்டியின் சூட்டுக்குள் ஏற்றி முடிக்கும்வரை ஒருவரும் கையை நிறுத்தவில்லை.