சந்தனம் பட்டும் கரையாத முகம்

படத்தைப் பெரிதாக்க, கையால் செய்த என்லார்ஜர் ஒன்று. மில்லில் கழித்துப் போட்ட உருளையை வைத்து, பிரிண்ட் காயவைக்கும் மெஷின் ஒன்று. ஊரே குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த கோடையில், ஒரே தண்ணீரை மூன்று தொட்டிகளில் சுற்றவிட்டு ஃபிலிம் கழுவிய ஏற்பாடு ஒன்று. ஜன்னலே இல்லாத பேண்டேஜ் குடோனுக்குள் டார்க் ரூம் ஒன்று. எண்பதுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்தில் ஸ்டுடியோ போட்டு இவ்வளவையும் செய்த நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் முழுப் பரீட்சை எழுதவில்லை.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன்? பெருமைதான். வேறென்ன? இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு அது பழகிப்போயிருக்கும். ஆனால் இந்த வாரம் காரணமும் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் போட்டோகிராபர்கள் கூட்டம். மூன்றாவது வரிசையில் நான். பக்கத்தில், எங்கள் ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் பார்க்கும் ஞானசெல்வி. மேடையில் சென்னையிலிருந்து வந்த மெஷின் வியாபாரி ஒருவர். மே மாதத்து வெயிலில் கழுத்தை இறுக்கி டை கட்டியிருந்தார்.

"பெரிய இங்க்ஜெட் பிரிண்டரில் கலர் மைகளை எடுத்துவிட்டு, கறுப்பு பிக்மென்ட் மை மட்டும் நிரப்பி பிளாக் அண்ட் ஒயிட் படம் அடிக்கலாம். இந்தப் பகுதியில் இதை முதன்முதலாக நாங்கள்தான் அறிமுகப்படுத்துகிறோம்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள்.

நான் எழுந்தேன். ஞானசெல்வி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருங்க அண்ணாச்சி. சாப்பாடு போடப்போறாங்க."

"மொதமொதலாம்ல! அப்போ நம்ம ரெண்டு வருசமா என்ன, மாவா அரைச்சோம்?"

"ஆமா, கறுப்பு மாவு. சத்தம் போடாம உக்காருங்க."

உட்கார்ந்தேன். சாப்பிட்டேன். ஆனால் சாம்பாரில் உப்பு இருந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நடந்தது இதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மதுரையில் கட்டிட பிளான் போடும் ஆபீஸ் ஒன்று, மூன்றடி அகலத் தாளில் அடிக்கும் பிரிண்டரைக் கழித்துக் கட்டியது. பஞ்சுப் பொதிகளுக்கு நடுவே லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். ஊரில் பாதிப் பேர் அதை ரொட்டி சுடும் அடுப்பு என்று நினைத்தார்கள். இந்த மாதிரி மெஷினை எங்கள் பக்கத்து ஸ்டுடியோக்காரர் எவரும் தொட்டதில்லை.

முதல் பெரிய வேலை, கோமதியம்மாளுடையது. அவர்கள் வீட்டில் பேண்டேஜ் துணியும் ஆஸ்பத்திரிப் பஞ்சும் செய்யும் ஃபேக்டரி. கணவர் ரங்கசாமி ஐயா காலமாகி ஒரு வருஷம் ஆகப்போகிறது. தலைத் திவசத்துக்குக் கூடத்தில் மாட்ட ஆளுயரத்தில் பாதியாவது படம் வேண்டும். ஐயா போட்டோவுக்கே நிற்காத மனுஷர். இருந்தது ஒரே படம் — ஃபேக்டரி தொடங்கிய நாளில் தொழிலாளர்களோடு எடுத்த பிளாக் அண்ட் ஒயிட் குரூப் போட்டோ. அதில் அவர் தலை கட்டைவிரல் நகம் அளவு.

அதையும் செய்தேன். ஞானசெல்வி கம்ப்யூட்டரில் இரண்டு நாள் ஒட்டி வெட்டி, முகத்தைத் தெளிவாக்கினாள். கீழே பெயரும் தோற்றம் மறைவு தேதிகளும் வைத்து அடித்தோம். பலகையில் ஒட்டியாயிற்று. கண்ணாடி போடும் நேரத்தில் கோமதியம்மாள் தடுத்தார்.

"கண்ணாடி வேணாம் அண்ணாச்சி."

"தூசி படியுமேம்மா."

"வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை நான் பொட்டு வைக்கணும். கண்ணாடியில வச்சா அது கண்ணாடிக்கு வச்ச பொட்டு. அவியளுக்கு எப்படிப் போய்ச் சேரும்?"

கண்ணாடி இல்லாமல் கொடுத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் போன். "செத்த நேரம் வந்துட்டுப் போங்க" — அவ்வளவுதான். போனேன். ஐயாவின் நெற்றியில் ஈரச் சந்தனம். அதன் அடியிலிருந்து ஊதா நிறத்தில் ஒரு கோடு மூக்கை ஒட்டி இறங்கி, கண்ணுக்குக் கீழே பிரிந்து, கன்னத்தில் நீலமும் சிவப்புமாய் வழிந்து மீசையில் நின்றது.

கோமதியம்மாள் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டம்.

"நாப்பது வருசத்துல அவிய அழுது நான் பாத்ததே இல்ல அண்ணாச்சி. ஒங்க படத்துல அழுதுட்டாவ."

அவருடைய கொழுந்தன் அங்கேதான் நின்றார். "திவசத்துக்குப் பதினெட்டு நாள்தான் இருக்கு மதினி. இந்த மெசினு வித்தையெல்லாம் வேணாம். மதுரைக்குப் போயி ஆயில் பெயின்டிங் எழுதச் சொல்லிருவோம்."

"பெயின்டரு அவியளப் பாத்திருக்கானா? அவனுக்குத் தெரிஞ்ச மூஞ்சிய அவன் எழுதிருவான். எனக்கு இந்த மூஞ்சிதான் வேணும்."

சொல்லிக்கொண்டே முந்தானையை நனைத்து, வழிந்ததைப் படத்தின் அடிவரை துடைத்தார். துடைத்தவர் நிறுத்தினார்.

"ஏன் அண்ணாச்சி... மூஞ்சி கரைஞ்சிருச்சு. பேரு கரையலையே?"

குனிந்து பார்த்தேன். பெயர், தேதி எல்லாம் அச்சுப்போல நின்றன. எச்சில் தொட்டுத் தேய்த்தேன். அசையவில்லை. கேள்வி கேட்டது கோமதியம்மாள். அதை நான் எங்கேயும் மறைத்ததில்லை. ஆனால் அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடியவன் நான்.

மெஷினோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை ஞானசெல்வி படித்துச் சொன்னாள். கறுப்பு மை மட்டும் பிக்மென்ட். மற்ற மூன்றும் சாயம். சாயம் தண்ணீரில் கரைந்திருக்கும். மறுபடி தண்ணீர் பட்டால் மறுபடி கரையும். பிக்மென்ட் என்பது நுணுக்கிய தூள். காய்ந்துவிட்டால் தாளோடு ஒட்டிக்கொள்ளும். கறுப்பு வெள்ளைப் படமாகவே இருந்தாலும், முகத்தின் சாம்பல் நிறத்தைச் சாயம் மூன்றையும் கலந்துதான் மெஷின் அடிக்கிறது. எழுத்தை மட்டும் சுத்தக் கறுப்பில் அடிக்கிறது.

"அப்போ நாலு கார்ட்ரிட்ஜுலயும் கறுப்ப ஊத்து" என்றேன்.

"புக்குல அப்படிப் போடல அண்ணாச்சி."

"புக்கு எழுதுனவன் வீட்டுப் படத்துக்குப் பொட்டு வைக்க மாட்டான்."

நீலம், சிவப்பு, மஞ்சள் மூன்றையும் காலி செய்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவினேன். சிவப்பு லேசில் போகவில்லை. ஒரு வாரம் என் கையைப் பார்த்தவர்கள் எல்லாம் வெற்றிலை போடப் பழகிவிட்டேனா என்று கேட்டார்கள். நான்கிலும் கறுப்பை ஊற்றி அடித்தால், ஐயா கரி மூட்டத்திலிருந்து எழுந்து வந்தவர்போல் இருந்தார். அப்புறம்தான் புரிந்தது. ஒன்றில் முழுக் கறுப்பு, மற்ற மூன்றிலும் படிப்படியாகச் சாம்பல் — அப்படி இருந்தால்தான் கன்னம் கன்னமாக வரும்.

பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக் கறுப்பில் கலந்தேன். மறுநாள் காலையில் தூள் அடியில், தண்ணீர் மேலே. இங்கேதான் என் டார்க் ரூம் கைகொடுத்தது. ஃபிலிம் கழுவிக் கடைசியில் முக்கி எடுக்கும், தண்ணீரை ஒரே சீராகப் பரவவிடும் வெட்டிங் ஏஜென்ட் திரவத்தில் சில சொட்டு. மெடிக்கல் ஷாப் கிளிசரின் கொஞ்சம். கிளிசரின் கூடினால் படம் காயாது, பிசுபிசுக்கும். குறைந்தால் தூள் இறங்கிவிடும். எவ்வளவு என்று யாரைக் கேட்பது? ஊசி போடும் சிரிஞ்சில் அளந்து, பதினோரு தடவை கெடுத்து, பன்னிரண்டாவது தடவை பிடித்தேன். இந்த அளவு எந்தப் புத்தகத்திலும் இல்லை. என் நோட்டில் இருக்கிறது.

மெஷினுக்கு மை மாறியது தெரியாதே? அது இன்னமும் நீலம், சிவப்பு, மஞ்சள் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கும். அதை ஏமாற்றியது ஞானசெல்வி. வெளிச்சமான இடம் எல்லாம் மஞ்சள், நிழல் எல்லாம் நீலம் என்று திரையில் பிரித்து வைத்தாள். தாளில் அவை சாம்பலாக விழும். அந்த நேரம் பார்த்து கோமதியம்மாள் உள்ளே வந்து திரையைப் பார்த்துவிட்டார்.

"இது யாரு?"

"ஐயாதாம்மா" என்றாள் ஞானசெல்வி.

"பங்குனிப் பொங்கலுக்கு மூஞ்சியில சாயம் பூசி வேசம் போட்டவுக மாதிரில்லா இருக்காவ!"

"தாள்ல பாருங்கம்மா, சரியாயிரும்" என்று சொல்லி பிரிண்ட் கொடுத்தேன். முகம் வந்தது. மஞ்சளும் இல்லை, நீலமும் இல்லை; அருமையான சாம்பல். ஆனால் நெற்றியின் குறுக்கே, கண்ணின் குறுக்கே, தாடையின் குறுக்கே வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். மை அடைத்திருக்கிறது.

"மைய எதுல வடிகட்டுனீய?"

பெருமையாகச் சொன்னேன். "ஒங்க ஃபேக்டரிப் பஞ்சுலதாம்மா. முதல் தரம்."

கோமதியம்மாள் மேஜையில் கிடந்த பஞ்சை எடுத்து விரலில் உருட்டினார். முதல் தடவையாக அவர் சிரித்துப் பார்த்தேன்.

"புண்ணுக்கு வைக்கற பஞ்சு தும்பு விடத்தான செய்யும் அண்ணாச்சி? அவிய சம்பாதிச்ச பஞ்சே அவிய மூஞ்சியில கோடு போட்டுருச்சா!"

ராஜபாளையத்துக்காரனைத் தவிர வேறு எவனும் இந்தத் தப்பைச் செய்யமாட்டான். எதற்கெடுத்தாலும் எங்களுக்குப் பஞ்சுதான். ஞானசெல்வியின் அண்ணனுக்கு ஒரு பள்ளிக்கூட லேபில் வேலை. அங்கிருந்து ஃபில்டர் பேப்பர் வந்தது. கார்ட்ரிட்ஜ்களைக் கழுவி, மையைச் சொட்டுச் சொட்டாய் மறுபடி வடித்தோம். திவசத்துக்கு முதல் நாள் மத்தியானம் படம் முழுதாய் இறங்கியது. ஒரு கோடு இல்லை.

கடையிலேயே ஒரு துண்டுத் தாளில் சந்தனம் வைத்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் மறுநாள் அந்தக் கூடத்தில் படத்துக்குப் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டேன். இன்னொரு தடவை ஐயா அழுதால், அந்த அம்மாளுக்கு அவர் முகமே இல்லாமல் போய்விடும். அப்புறம் எனக்கு மட்டும் கடை எதற்கு?

கோமதியம்மாள் கல்லில் சந்தனம் உரைத்து, தண்ணீர் சொட்டச் சொட்ட வழித்து, கட்டைவிரலால் நெற்றியில் அழுத்தி வைத்தார். கொழுந்தன் என்னைப் பார்த்தார். நான் மீசையைப் பார்த்தேன் — படத்தின் மீசையை. ஒன்றும் இறங்கவில்லை. ஐந்து நிமிஷம் ஆயிற்று. வேண்டுமென்றே ஈரக் கையால் பொட்டை வழித்து எடுத்துவிட்டு, மறுபடி வைத்தார். கையோடு சந்தனம் வந்தது, முகம் வரவில்லை.

"இப்பத்தான் அவிய மாதிரி இருக்காவ" என்றார். "நான் என்ன சொன்னாலும் அசைய மாட்டாவ."

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். கொழுந்தன், தன் அம்மா படத்தையும் அதே மையில் அடிக்க முடியுமா என்று அங்கேயே கேட்டார்.

அதற்குப் பிறகு சோழபுரத்திலிருந்து தளவாய்புரம் வரை எத்தனையோ வீடுகளுக்கு அடித்துக் கொடுத்துவிட்டேன். வேலையைச் செய்கிறவன் கையில் கறை இருக்கும். அதனால் மேடையேறி மைக்கைப் பிடிக்கக் கூச்சப்படுவான். கை சுத்தமாக இருப்பவன் பிடித்துக்கொள்வான். எல்லாத் தொழிலிலும் இப்படித்தான் நடக்கிறது, இல்லையா?

போட்டோகிராபர்கள் கூட்டத்தில் ஆண்டு மலர் போடுவதாக அறிவித்திருக்கிறார்கள். டை கட்டியவரின் கட்டுரை வருகிறதாம். வரட்டும். ஆனால் 'முதன்முதலாக' என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் என் பெயர் வரவேண்டும். கேள்வி கேட்டவர் கோமதியம்மாள், மெஷினை ஏமாற்றியவர் ஞானசெல்வி என்றும் போடுங்கள். அவர்கள் பெயரை எவ்வளவு பெரிய எழுத்தில் போட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை — என் பெயர் மேலே இருந்தால் போதும்.

அதையும் பிக்மென்ட் கறுப்பில் போடுங்கள். யாராவது ஈரக் கையால் தொட்டுப் பார்ப்பார்கள்.