உட்கார்ந்து பேசு, கயல்

பின்லாந்தில் பள்ளிக்கூடத்துக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிவிட வேண்டும். சிதம்பரத்துக்காரியான எனக்கு அதில் சிரமமே இல்லை; கோயிலுக்குப் போய்ப் பழகிய கால்தானே. பழகாதது வேறு. இங்கே யார் வகுப்புக்குள் வந்தாலும் ஒருவரும் எழுந்திருப்பதில்லை. துணை ஆசிரியையாகச் சேர்ந்த முதல் நாள் ரெஹ்தோரி உள்ளே வந்தார். தலைமையாசிரியரை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். நான் விசுக்கென்று எழுந்து நின்றேன். பிள்ளைகள் காலுறைக் கால்களை ஆட்டியபடி உட்கார்ந்திருந்தார்கள். "கிளம்புகிறீர்களா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார் அவர். இல்லை என்று சொல்லி உட்கார்ந்தேன். மரியாதைக்கு எழுந்தேன் என்று இவருக்கு எந்த பாஷையில் விளக்குவது, சொல்லுங்கள்!

மஞ்சக்குப்பத்தில் நான் வேலை பார்த்த பள்ளியில் பெஞ்சுகள் கிறீச்சிட மொத்த வகுப்பும் எழுந்து, "குட்மார்னிங் மிஸ்" என்று இழுத்துப் பாடும். சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் இடிபட்டு வந்த அலுப்பெல்லாம் அந்தப் பாட்டில் பறந்துவிடும். நான் சொல்லும்வரை ஒரு பிள்ளையும் உட்காராது.

போன வருஷம் அந்தப் பள்ளிக்கு ஸ்மார்ட் கிளாஸ் வந்தது. தலைமையாசிரியை போன் செய்தார். "ஒலகம் எங்கயோ போயிடுச்சு மீனா. நம்ம புள்ளைங்க இன்னும் மனப்பாடம் பண்ணிகிட்டுக் கெடக்குதுங்க. வாரம் ஒரு கிளாஸ் அங்கேருந்தே எடேன். அந்த ஊரு புள்ளைங்க மாதிரி பேச வையி." எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அதே சமயம் வெளிநாட்டுப் பள்ளி ஒன்று அங்கிருந்து ஒரே ஒரு மாணவியை இலவசமாக மேல்நிலை படிக்க எடுத்துக்கொள்வதாக இருந்தது. யாரை அனுப்புவது என்று தலைமையாசிரியைதான் சொல்ல வேண்டும்.

கயல்தான் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். கடலோரக் குப்பத்துப் பெண், பத்தாம் வகுப்பு. பேசச் சொன்னால் எழுந்து, கையைக் கட்டி, தலை குனிந்துகொள்வாள்.

"ஒக்காந்து பேசு, கயல்."

"ஒக்காந்துகிட்டா? மரியாதை இல்லீங்களே மிஸ்."

"இன்டர்வியூல இப்படி நின்னா பயந்தாங்கொள்ளின்னு நெனைப்பாங்க. யாரு வந்தாலும் ஒக்காந்து, கண்ணப் பாத்துப் பேசணும்."

"எங்கப்பா வந்தாக்கூடவா மிஸ்?"

வகுப்பே சிரித்தது. வாராவாரம் பழக்கினேன். தெரியாததைத் தெரியாது என்று சொன்னாள். ஒருநாள் என் விடையையே தப்பு என்றாள், தப்புத்தான். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பொங்கல் விடுமுறை முடிந்த வாரம், பாடம் நடக்கும்போதே ஓர் அதிகாரி பள்ளியைப் பார்வையிட வந்தார். அவர் வகுப்புக்குள் நுழைந்ததும் பெஞ்சுகள் கிறீச்சிட்டன. கயல் மட்டும் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே அவர் கண்ணைப் பார்த்து, சிரித்த முகமாக, "குட்மார்னிங் சார்" என்றாள். சரிதானே என்று கேட்பதுபோல் திரையில் என்னைப் பார்த்தாள்.

நான் நின்றுகொண்டிருந்தேன். ஐயோ, இங்கே விடியாத காலையில், என் சமையலறையில், நாற்காலியைத் தள்ளிவிட்டு எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியதைப் பார்த்தேன்.

"எவ்ளோ திமிரு! ஏறுடி பெஞ்சு மேல," என்றார் தலைமையாசிரியை. நான் சொல்லித்தான் செய்தாள் என்று கத்தினேன். யாரோ என் சத்தத்தை அணைத்திருந்தார்கள். வாயசைக்கும் பொம்மையாகத் திரையில் நின்றேன்.

அந்த வெளிநாட்டுப் பள்ளிக்கு வேறொரு பெண்ணின் பெயர் போனது. போனில் கெஞ்சினேன், அழுதேன். "மொதல்ல அடக்கம் மீனா, அப்பறந்தான் ஒலகம்," என்று வைத்துவிட்டார்.

வகுப்பு இப்போதும் நடக்கிறது. திரையில் என் முகம் தெரிந்ததும் முதலில் எழுவது கயல்தான். கையைக் கட்டிக்கொள்கிறாள். எல்லாரும் உட்கார்ந்த பிறகும் நிற்கிறாள்.

"ஒக்காரும்மா."

"இருக்கட்டும் மிஸ்."

பாடம் முடியும்வரை நிற்கிறாள். திரையை அணைத்த பிறகும், சோறு வடிக்கும்போதும், பனியில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதும் என் எதிரில் நிற்கிறாள்.

நேற்று ரெஹ்தோரி வகுப்புக்குள் வந்தார். எழக்கூடாது என்று மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன். அங்கே அவள் நிற்கும்போது நான் எப்படி உட்கார்ந்திருப்பது? எழுந்துவிட்டேன்.

"கிளம்புகிறீர்களா?" என்றார், அதே அக்கறையோடு.

இல்லை என்றேன். ஆனால் உட்காரவில்லை.