அறுப்பு வீட்டில் உப்புப் பார்த்தேன்

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்குக் கண்டி மஹய்யாவயிலிருந்து கிளம்பினேன். தை மாசக் கடைசி. நல்ல குளிர். கையில் ஒரு கம்பளி, ஒரு வேட்டி, மாட்டுக்குப் புதுக் கயிறு. வேறொன்றும் இல்லை.

போன காரியம் இதுதான். நான் கண்டியில் மாட்டு வண்டி ஓட்டுகிறவன். என் ஜோடியில் செவலைக் காளைக்கு நுகத்தடி உரசிக் கழுத்து புண்ணாகிவிட்டது. வண்டியில் கட்டினால் ஆறாது. தெல்தெனியாவுக்கு மேலே சுலைமான் நானா என்று ஒரு விவசாயி. முஸ்லிம் வீடுகளில் அண்ணனுக்கு நானா, அக்காவுக்கு ராத்தா. அவர் மிளகு மூட்டைகளைக் கண்டிக்குக் கொண்டுவருவது என் வண்டியில்தான். அவர் தோட்டத்தில் புல் இருக்கிறது என்று காளையை இரண்டு மாசத்துக்கு முன்னே விட்டுவிட்டு வந்தேன். அதைக் கூட்டிவரப் போனேன். சனிக்கிழமை திரும்புவதாக வீட்டில் சொல்லியிருந்தேன்.

மார்க்கெட் முன்னால் பஸ் நின்றது. தெல்தெனியாவுக்கு முப்பத்தைந்து சதம். உள்ளே பதினாறு பேர், மேலே வாழைக்குலை. தென்னக்கும்புர பாலத்தில் பனி மூடி ஆறு தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. டிரைவர் பாதி வழியில் நிறுத்தி, யாராவது சுருட்டு வைத்திருக்கிறார்களா என்று கேட்டார். ஒருத்தர் கொடுத்தார். பிறகு பஸ் வேகமாகப் போச்சு.

எட்டே முக்காலுக்குத் தெல்தெனியா. பிளேன்டீ இரண்டு சதம். அங்கிருந்து ஹுன்னஸ்கிரிய ரோட்டில் நாலு மைல் ஏற்றம் நடந்து, வலது கைப் பக்கம் ஓயா என்கிற ஓடைக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையில் இறங்கினால் நானா வீடு. மேலே தேயிலை. கீழே படிப்படியாக வயல். நடுவில் தோட்டம்.

சின்னத் தோட்டம்தான். ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதலாக நெல். பலா, கமுகு. மரத்துக்கு மரம் மிளகுக் கொடி. முற்றத்துப் பாயில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. இரண்டு பசு, ஏழெட்டு ஆடு, கோழிகள். வீட்டில் மூன்று பேர்: நானா, அவர் மனைவி ஆமினா ராத்தா, நானாவின் தங்கச்சி மைமூன். மாட்டில் பால் கறப்பதிலிருந்து வேலிக்கு முள் கட்டுவது வரை இந்த மூன்று பேர்தான்.

செவலையைப் பார்த்தேன். புண் ஆறி மயிர் முளைத்திருந்தது. கொழுத்துப் போயிருந்தது. என்னைப் பார்த்துவிட்டு மறுபடி புல்லுக்குத் தலையைக் குனிந்துகொண்டது.

பகல் ஒன்றரைக்கு நானா ஜும்ஆ தொழுதுவிட்டு வந்தார். அது நோன்பு மாசம். வெற்றிலைக் கறை இல்லாத வாயோடு அவரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். நாளைக்கும் ஞாயிற்றுக்கிழமையும் அறுப்பு, ஆள் ஒருத்தன் கூட இருந்தால் நல்லது, திங்கட்கிழமை போகலாம் என்றார். சரி என்றேன்.

அந்தப் பக்கம் அறுப்புக்குக் கூலி கிடையாது. இன்றைக்கு நீ என் வயலில், நாளைக்கு நான் உன் வயலில். அதற்கு அத்தம் என்று பேர். சுற்றியிருக்கிற சிங்களக் குடும்பங்களும் நானா வீடும் அப்படித்தான் பல காலமாகச் செய்துவருகிறார்கள். அத்தத்துக்கு வந்தவர்களுக்குப் பகல் சாப்பாடு வயல்காரன் வீட்டில். அது நன்றாக இருக்க வேண்டும். நோன்பு என்றாலும் அதில் மாற்றம் இல்லை. வீட்டுக்காரர்கள் பட்டினி, வந்தவர்களுக்குச் சோறு.

சனிக்கிழமை விடியும்போது புல்லெல்லாம் பனியில் வெள்ளையாகக் கிடந்தது. பேசினால் வாயில் புகை. முற்றத்தில் தீ மூட்டிக் கை காய்ந்தோம். ஏழு மணிக்குப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். தலைவன் மாதிரி திங்கிரி பண்டா. ஐம்பது வயது, ஒல்லி, வாய் ஓயாது. அரிவாள் போகிற வேகத்துக்கு வாயும் போகும். அவர் சிங்களத்தில் பேசுவார். எனக்குச் சிங்களம் விளங்கும், பதில் பாதிதான் வரும். அதிகம் பேச வேண்டியதில்லை, எனக்கு வசதி.

நான் கதிர்க்கட்டுச் சுமந்தேன். பதினொரு மணிக்குச் சாப்பாடு எடுத்துவர வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆமினா ராத்தா அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று, விருந்தாளி முதலில் சாப்பிட வேண்டும் என்று எனக்கு இலை போட்டார். சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, கருவாட்டுக் குழம்பு.

முதல் பிடியிலேயே தெரிந்தது. உப்பு. கடல் மாதிரி உப்பு. பருப்பில் உப்பு, பூசணியில் உப்பு. கருவாட்டைச் சொல்லவே வேண்டாம்.

"எப்படித் தம்பி?" என்று கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

"நல்லாருக்கு," என்றேன்.

நோன்போடு வெறும் வயிற்றில் அடுப்பில் வெந்து சமைத்த சோறு. அதில் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பதினெட்டு வருஷமாக என் வீட்டிலேயே சாப்பாட்டைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. போட்டதைச் சாப்பிட்டுவிட்டு எழுந்திருப்பேன். அங்கேயும் அதையே செய்தேன். பானைகளைத் தலையில் வைத்துக்கொண்டு வயலுக்குப் போனேன்.

பன்னிரண்டு பேரும் வரப்பில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் மோசம். திங்கிரி பண்டா மட்டும் ஓயாவுக்கு இறங்கிக் கையால் அள்ளி அள்ளிக் குடித்துவிட்டு ஏறி வந்து நானாவிடம் சொன்னார்: "நானாவுக்கு நோன்பு, எங்களுக்குத் தாகம். ரெண்டும் சமம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானாவும் சிரித்தார். ஆனால் முகம் மாறிவிட்டது.

சாயங்காலம் நோன்பு திறந்து மிச்சக் கறியை வாயில் வைத்ததும் ராத்தாவுக்கு விளங்கிவிட்டது. நடந்தது இப்படி: அடுப்பில் வைத்துவிட்டு உப்புப் போட்டவர் ராத்தா. பிறகு அவர் தண்ணீருக்குப் போனார். மச்சி, அதாவது அண்ணன் மனைவி, மறந்திருப்பாள் என்று மைமூன் இன்னொரு தடவை போட்டார். இரண்டு பேரும் நோன்பு. ருசி பார்க்க யாரும் இல்லை. ருசி பார்த்தவன் ஒருத்தன்தான்.

"தம்பி, நீங்கதானே முதல்ல சாப்பிட்டீங்க," என்றார் ராத்தா. "எங்களுக்கு நாக்கில வச்சுப் பாக்க ஏலா. உங்களுக்கு ஏலும்தானே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தண்ணி ஊத்தி, தேங்காப்பால் விட்டுச் சரிப்படுத்தியிருப்பேனே."

தலையைக் குனிந்துகொண்டேன். செவலை மாதிரி.

விஷயம் சின்னது இல்லை. வயலில் பாதிதான் அறுத்திருந்தது. ஹுன்னஸ்கிரிய மலைத் தலையில் மேகம் ஏறியிருந்தது. அந்த மாசத்தில் மழை வராது. வந்தால் விளைந்த நெல் படுத்துவிடும். முந்தைய வருஷம் மேட்டு வீட்டில் ஒருத்தன் அத்தத்துக்கு வந்தவர்களுக்கு ஊசின சோறு போட்டானாம். மறுநாள் மூன்று பேர்தான் வந்தார்களாம். நெல் தண்ணீரில் கிடந்து முளைத்துப்போச்சு. இதை நானா சொல்லும்போது ராத்தா அடுப்படியில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தார். தன் காதில் விழக் கூடாது என்றுதான் உருட்டினார்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு நானா வெற்றிலைக் கட்டை எடுத்தார். இரண்டாம் நாள் அறுப்புக்கும் வீடு வீடாக வெற்றிலை வைத்துக் கூப்பிட வேண்டும். அதுதான் முறை. நானும் வருகிறேன் என்றேன். அவர் முன்னே நடந்தார்.

முதலில் திங்கிரி பண்டா வீடு. முற்றத்தில் தீ எரிந்தது. நேற்று வந்தவர்களில் ஐந்தாறு பேர் அங்கேயே குளிர் காய்ந்துகொண்டு நின்றார்கள். பண்டா இரண்டு கையாலும் வெற்றிலையை வாங்கிக்கொண்டார். வருகிறேன் என்று சொல்லவில்லை. இன்றைக்கு யார் சமையல் என்று கேட்டார்.

நானா வாயைத் திறப்பதற்குள் எனக்கு வந்த பாதிச் சிங்களத்தில் நான் சொன்னேன். "சமையல் அவங்கதான். ருசி பார்க்கிறது நான்."

"நேத்து யார் பார்த்தது?"

"நேத்தும் நான்தான் முதல்ல சாப்பிட்டேன். உப்புன்னு தெரியும். சொல்லல."

பண்டா என்னை மேலும் கீழும் பார்த்தார். தீயைச் சுற்றி நின்றவர்களும் பார்த்தார்கள்.

"அப்ப நீதான் கள்ளன்," என்றார். "நான் பாவம், ராத்திரியெல்லாம் அந்த வீட்டுப் பொம்பளைகளைத் திட்டினேன்."

எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தர் எனக்குத் தீயில் இடம் விட்டார். அடுத்த வீட்டுக்கு நடக்கும்போது நானா என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். அவ்வளவுதான்.

ஏழு மணிக்கு ஆட்கள் வந்தார்கள். பன்னிரண்டு இல்லை, பதினாலு. பண்டா மச்சினன்மார் இரண்டு பேர் கூடுதல். ஒவ்வொருத்தர் கையிலும் தண்ணீர். சுரைக்குடுவை, போத்தல், மண்முட்டி. பண்டா ஒரு பெரிய பானையே தூக்கிவந்து வரப்பில் வைத்தார். மைமூன் வேலிப் பக்கம் நின்று இதைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினார்.

என்னை வயலுக்கு விடவில்லை. ஒன்பது மணியிலிருந்து அடுப்படிக்கு வெளியே விறாந்தைப் பலகையில் உட்கார வைத்தார்கள். உப்புச் சட்டியை என் கையில் கொடுத்துவிட்டார்கள். நான் கொடுத்தால்தான் உப்பு. கதவு இடுக்கில் ஒரு கையும் அகப்பையும் வரும். நான் ஒரு சொட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.

"பருப்பு?"

"குறைவு."

"எவ்வளவு குறைவு?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா எவ்வளவு தம்பி? ஒரு விரலா, ரெண்டு விரலா?"

"ஒண்ணரை."

உள்ளே மைமூன் சிரித்தார். "இந்த ஆளுக்கிட்ட ஒரு சொல் எடுக்கிறதுக்கு, மாட்டுக்கிட்ட பால் கறக்கிறது லேசு மச்சி," என்றார். அது காளை மாடா இருந்தாலும் என்று சேர்த்துக்கொண்டார்.

பருப்பு, பலாக்காய்க் கறி, கருவாடு, கீரைச் சுண்டல். ஆறேழு தடவை அகப்பை வந்தது. என் வாழ்க்கையில் ஒரு காலைப்பொழுதில் அவ்வளவு பேசினதில்லை. புளி போதும். உறைப்புக் கூட. இன்னும் வேகணும். கடைசியில் பலாக்காயை வாயில் வைத்துவிட்டு, "இது நல்லாருக்கு," என்றேன்.

"நேத்தும் அப்படித்தானே சொன்னீங்க," என்றார் ராத்தா.

"நேத்து பொய். இது மெய்."

பதினொரு மணிக்கு உப்புச் சட்டியைக் கோழி கவிழ்க்காமல் என் கம்பளிக்குள் சுருட்டி வைத்துவிட்டு, சோற்றைச் சுமந்துகொண்டு வயலுக்குப் போனேன். பதினாலு பேரும் சாப்பிட்டார்கள். பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள். பலாக்காய் இரண்டாம் தரம் கேட்டு, மூன்றாம் தரம் இல்லை என்றாச்சு. பண்டா கை கழுவப் பானையைச் சரித்தார். மிச்சத் தண்ணீரை அப்படியே வயலில் ஊற்றினார். இதைச் சுமந்து வந்தது வீண் என்று முணுமுணுத்தார். அதற்குமேல் புகழ்ச்சி எதுவும் அவர் வாயில் வராது.

மத்தியானம் மேகம் தாழ்ந்தது. யாரும் சொல்லாமலே வேகம் கூடியது. நானா அன்றைக்குத் தண்ணீர்கூட இல்லாமல் காலையிலிருந்து அறுத்தவர். மூன்று மணிக்கு இரண்டு தடவை கதிரைத் தவறவிட்டார். பண்டா அவர் அரிவாளைப் பிடுங்கி என்னிடம் கொடுத்துவிட்டு, அவரைக் கட்டு எண்ணச் சொல்லி வரப்பில் உட்கார வைத்தார். ஐந்தரைக்குக் கடைசிப் பாத்தி முடிந்தது. கட்டுகளைக் களத்தில் சூடு என்கிற போராக அடுக்கி, மேலே வைக்கோலும் இலுக்குப் புல்லும் போட்டு மூடினோம்.

ஆறு மணி தாண்டிப் பாங்கு நேரம். பண்டாவும் ஆட்களும் போகாமல் முற்றத்தில் நின்றார்கள். எல்லோருக்கும் சிரட்டையில் நோன்புக் கஞ்சி வந்தது. நானா பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்து, கஞ்சியை ஒரு மிடறு குடித்தார். சிரட்டைக்குள் எட்டிப் பார்த்தார். பண்டா குடித்தார். அவரும் எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

நானும் குடித்தேன். உப்பே இல்லை. ஒரு கல்லுகூட இல்லை.

"தம்பி," என்றார் ராத்தா கதவுக்குப் பின்னாலிருந்து, மெதுவாக. "உப்புச் சட்டியை எங்க வச்சீங்க? வீடெல்லாம் தேடிட்டேன்."

நான் எழுந்துபோய்க் கம்பளியை விரித்துச் சட்டியை எடுத்துவந்து நடுவில் வைத்தேன். முதலில் சிரித்தது மைமூன். பிறகு யார் சிரித்தார்கள், யார் சிரிக்கவில்லை என்று தெரியாது. பண்டா சிரட்டையைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். ஆளாளுக்கு ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். கஞ்சி தீர்வதற்குள் கூரையில் முதல் துளி விழுந்தது. எல்லோரும் திரும்பிச் சூட்டைப் பார்த்தோம். நன்றாக மூடியிருந்தது.

திங்கட்கிழமை காலை ஆறரைக்குச் செவலையோடு கிளம்பினேன். மழை விட்டிருந்தது. ராத்தா ஒரு பலாக்காயும் ஒரு சுண்டு அளவு மிளகும் தந்தார். நானா ரோடு வரை வந்தார். அடுத்த ஞாயிறு திங்கிரி பண்டா வயலில் அறுப்பு, தானும் நோன்போடு போவதாகச் சொன்னார். அந்த வீட்டில் உப்புக்குப் பஞ்சம் இல்லை, எல்லோரும் ருசி பார்ப்பார்கள் என்றார்.

பதினெட்டு மைல். காளைக்குக் கொழுப்பு, நடை மெதுவு. திகனவில் தண்ணீர் காட்டினேன். தென்னக்கும்புர பாலத்தில் இந்தத் தடவை ஆறு தெரிந்தது. மஹய்யாவ வந்து சேரச் சாயங்காலம் ஐந்தே முக்கால். இரண்டு நாள் பிந்திவிட்டது. என் மனைவி பூங்காவனம் காளையின் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். உள்ளே போய்ச் சோறு போட்டாள்.

எங்கள் வீட்டில் அடுப்படிக்குக் கதவு கிடையாது. ஒரே அறை. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ரசத்தை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தேன்.

"உப்பு சரியா இருக்கு," என்றேன்.

அவள் கையில் அகப்பை அப்படியே நின்றது. என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை என்று தெரிந்ததும், இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள்.