ஐந்தில் எது

மனிதர் செய்கிற எல்லாக் காரியமும் ஐந்து வகைக்குள் அடங்கிவிடும் என்பது ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்துவிட்டது. செய்தே ஆகவேண்டியது பர்ளு, செய்தால் நல்லது சுன்னத், செய்தாலும் விட்டாலும் ஒன்றுதான் என்றால் முபாஹ், விட்டால் நல்லது மக்ரூஹ், செய்யவே கூடாதது ஹராம். மருதமுனையில் நான் குர்ஆன் ஓதப் போன இடத்தில் ஓதிக்கொடுக்கும் லெப்பை இதைச் சொல்லித்தந்த நாளிலிருந்து வீட்டில் ஒருவருக்கும் நிம்மதி இல்லை. மாமா பீடி பற்றவைத்தால் மக்ரூஹ் என்பேன். உம்மா வேலியோரம் நின்று அடுத்த வீட்டாரைப் பற்றிக் கதைத்தால் நேரே ஹராம். உம்மா அகப்பையை ஓங்குவா.

வாப்பா மட்டும் இதை ரசித்தார். தேத்தண்ணிக்கு இரண்டாவது கரண்டி சீனி போடுவது எதில் வரும், பகலில் குட்டித் தூக்கம் போடுவது எதில் வரும் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். நானும் பெரிய மனுசி போல முகத்தை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்வேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. யுத்தத்தில், வயலுக்குப் போனவர்கள் சிலர் திரும்பி வராத காலம். சவளக்கடைப் பக்கம் எங்கள் வயல் விளைந்து வெட்டுக்கு நின்றது. வெட்டாமல் விட்டால் நெல் கொட்டிப்போகும், வருசம் முழுக்க என்னத்தைத் தின்பது என்றார் மாமா. அவருக்கு வயல் இல்லை, கடைதான். நெல் போனால் போகட்டும், நீங்கள் போகவேண்டாம் என்று உம்மா இரண்டு நாளாக அழுதா. வாப்பா இரண்டு பேருக்கும் ஓம் என்றார்.

மூன்றாம் நாள் காலை, தலையில் கட்டும் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றவர் என்னைக் கூப்பிட்டார்.

“மகள், வாப்பா வயலுக்குப் போறது இந்த அஞ்சில எதுல வரும்?”

குடும்பத்துக்காக உழைப்பது பர்ளு என்று அந்த வாரம்தான் படித்திருந்தேன். மூச்சு விடாமல் சொன்னேன். வாப்பா அசையவில்லை.

“நல்லா யோசிச்சிச் செல்லு.”

லெப்பையும் அப்படித்தான். சரியாகச் சொன்னவளையும் மறுபடி கேட்டு, தடுமாறுகிறாளா என்று பார்ப்பார். நான் தடுமாறவில்லை. பர்ளுதான் என்று முன்னதைவிடச் சத்தமாகச் சொன்னேன். அவர் சிரித்து, துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குள் வருவதாகச் சொன்னவர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. தேடிப் போனவர்கள் பாதி வழியில் திரும்பிவிட்டார்கள். அடக்குவதற்கு மையத்துக்கூடக் கிடைக்கவில்லை. கணவன் மவுத்தாகி விதவையானவள் வீட்டோடு இருக்கும் இத்தாவை உம்மா இருக்கவேண்டுமா, இல்லை காத்திருக்கவேண்டுமா என்று மாமா லெப்பையிடம் கேட்கப் போனார். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்த மனிதர் சட்டக் கிதாபை மூடி வைத்துவிட்டாராம். உயிரைக் காப்பதும் பர்ளுதான் என்று அவர் எங்களுக்குப் படித்துத் தந்தது அதற்கும் இரண்டு மாதம் கழித்துத்தான். அன்று நான் கொப்பியைத் திறக்கவில்லை.

உம்மா அடுப்படியில் நின்று என் பதிலைக் கேட்டிருந்தா. ஒரு நாளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஏசியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன். முப்பது வருசமாக எனக்கு அதற்கும் வழியில்லை.

வாப்பா என்னிடம் மார்க்கச் சட்டம் கேட்கவில்லை. போகவேண்டாம் என்று இன்னும் ஒருவர் சொன்னால் நின்றுவிடலாம் என்று காத்துக்கொண்டு நின்றிருக்கிறார். விடை தெரிந்தவர்தான் இரண்டு தரம் கேட்பார் என்று நினைத்திருந்தேன். பயந்தவரும் அப்படிக் கேட்பார் என்பது எனக்குத் தெரியாது.