சூசைமேரி டீச்சருக்குத் தெரியாத கையெழுத்து

காரைக்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் வேலை பார்த்த சூசைமேரி டீச்சருக்கு இரண்டு விஷயங்களில் பெயர் உண்டு. பெயர் எழுதாத விடைத்தாளைக்கூட எழுத்தைப் பார்த்தே உரியவளிடம் நீட்டிவிடுவார். ஒருமுறை மொட்டைக் கடுதாசி எழுதியவளையும் அப்படித்தான் பிடித்தார். அதில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. இன்னொன்று, பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கப் பாடம் வருகிற நாளில் அவருக்குத் தவறாமல் தலைவலி வந்துவிடும். வீட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியே இருபத்திரண்டு வருஷத்தை ஓட்டிவிட்டார்.

1997இல் அந்தத் தலைவலிக்கு வைத்தியம் வந்தது. எய்ட்ஸ் பற்றி வகுப்பெடுக்கச் சொல்லி உத்தரவு. மதுரையில் மூன்று நாள் பயிற்சிக்கு டீச்சரையே அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தவர், வாய் பழகட்டும் என்று அடுப்படியில் நின்று “ஆணுறை, ஆணுறை” என்று பத்துத் தடவை சொல்லிப் பார்த்தார். காபி கேட்டு வந்த கணவர் மரியப்பன், கேட்காமலே வாசலுக்குத் திரும்பிப் போனார்.

வகுப்பில் வேர்த்துக் கொட்டியது. ஆனாலும் ஒரு சொல்லையும் முழுங்காமல் பேசி முடித்தார். சந்தேகத்தைப் பெயர் போடாமல் எழுதிப் பெட்டியில் போடச் சொன்னார். ஒரு வாரம் பெட்டி காலி. எழுத்தை வைத்து ஆளைப் பிடிக்கிறவரிடம் எவள் சீட்டுக் கொடுப்பாள்? தன் கெட்டிக்காரத்தனமே குறுக்கே நிற்பது டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது.

“எல்லாரும் நொட்டாங்கையால எழுதுங்கடி” என்றார்.

நாற்பத்து மூன்று பேரும் இடது கையால் கிறுக்கித் தள்ளினார்கள். டீச்சர் அங்கேயே ஒவ்வொன்றாகப் பிரித்து உரக்க வாசித்துப் பதில் சொன்னார். முத்தம் கொடுத்தால் பிள்ளை உண்டாகுமா என்று மட்டும் ஒன்பது பேர். வகுப்பே குலுங்கிச் சிரித்தது. அந்த வேகத்தில் அடுத்ததையும் வாசித்துவிட்டார்: “எங்க அண்ணனுக்கு எய்ட்ஸ். ஒரே தட்டுல சாப்பிட்டா எனக்கும் வருமா?”

சிரிப்பு நின்றது. டீச்சர் அப்புறம்தான் எழுத்தைக் கவனித்தார். முத்து முத்தாக இருந்தது. ஆத்தங்குடியிலிருந்து வரும் சிவரஞ்சனிக்கு எப்போதுமே இடது கைதான் எழுதும் கை. அதை மறந்துபோனதற்காகத் தன்னையே வைதுகொண்டு, சீட்டைக் கைக்குள் மடக்கினார். சன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“ஒரே தட்டுல சாப்பிடலாம். ஒரே டம்ளர்ல குடிக்கலாம். கட்டிப் பிடிச்சு அழலாம். அதுனாலெல்லாம் வராது.”

சேதி மத்தியானமே தலைமையாசிரியை விசாலத்தின் காதுக்குப் போய்விட்டது. நாற்பத்து மூன்று சீட்டும் உடனே தன் மேசைக்கு வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். டீச்சர் ஆசிரியர் அறைக் கதவைச் சாத்தினார். அந்த ஒரு சீட்டை மட்டும் தன் இடது கையால் மறுபடி எழுதினார். பேனா கக்கிய மை விரலெல்லாம் அப்பியது. சிவரஞ்சனியின் சீட்டைச் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டார்.

விசாலம் தேடி எடுத்து நீட்டியது டீச்சர் எழுதிய அந்தச் சீட்டைத்தான்.

“யாரு எழுத்துன்னு நீங்க பாத்ததும் சொல்லிருவீகளே. சொல்லுங்க, அந்தப் பிள்ளைய நாளையிலருந்து நிப்பாட்டிருவோம்.”

டீச்சர் இடது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு, சீட்டைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

“தெரியலையே, மேடம்.”

இருபத்திரண்டு வருஷத்தில் அப்படி ஒரு பதிலை விசாலம் கேட்டதே இல்லை. கண் டாக்டரைப் போய்ப் பார்க்கச் சொன்னார். டீச்சரும் பார்க்கிறேன் என்று தலையாட்டிவிட்டு, அடுத்த வகுப்புக்குப் போனார்.