லக்கல நீர்த்தேக்கத்தில் ஆளில்லாப் படகும் என் வயிற்றெரிச்சலும்

நஸ்ரின் "வந்து பாரேன்டி" என்று கூப்பிட்டதால்தான் போன சனிக்கிழமை லக்கலவுக்குப் போனேன். மாத்தளையில் என்னோடு படித்தவள். இரண்டு பேரும் ஒரே வேலைக்கு இன்டர்வியூ போனோம், அவளுக்குக் கிடைத்தது. ஆளில்லாமல் ஓடும் கப்பல்கள் கடல் விதிகளின்படி நடக்கின்றனவா என்று மென்பொருளால் சோதிக்கும் வேலை. நான் இன்னும் கொழும்பில் கடை பில் மென்பொருளோடு மாரடிக்கிறேன். பொறாமையா? பின்னே இருக்காதா!

மாத்தளையில் காலை ஆறே காலுக்கு பஸ். ரத்தோட்டை, ரிவர்ஸ்டன் வழியாக மூன்று மணி நேரத்துக்கு மேல். ரிவர்ஸ்டனில் குளிர் நடுக்கும், ஸ்வெட்டர் வேண்டும். இறங்கி த்ரீவீல் எடுத்தேன். "நாலு மணிக்குள்ள திரும்பிருங்க மிஸ், யானை வரும்," என்றார் டிரைவர்.

கரையில் ஒரு கூடாரம், உள்ளே நஸ்ரினும் அவளுடைய ஸ்கிரீன்களும். திங்கட்கிழமை கம்பனிப் பெரியவர்கள் பார்க்க வருகிறார்களாம். சோதனை நன்றாகப் போனால் அவள்தான் குழுவுக்குத் தலைவி. அதைக் கேட்டதும் அவள் தந்த பால் கலக்காத பிளேன்டீ கசந்தது.

சோதனைக்காக ஒரு மீன்காரரை வள்ளம் ஓட்ட வைத்திருந்தார்கள். ஆளில்லாப் படகு பின்னாலிருந்து வந்து அவரை வலப்பக்கமாக முந்தியது. பாதி முந்தியதும் சட்டென்று இடப்பக்கம், அவருக்குக் குறுக்கே வெட்டியது. மீன்காரர் துடுப்பைப் போட்டு வள்ளத்தை நிறுத்தி, "பிஸ்ஸுத?" என்று, பைத்தியமா என்று சிங்களத்தில் கத்தினார். ஸ்கிரீனிலோ பச்சை, பாஸ்!

"அவருதான் விலகணும்டி," என்றாள் நஸ்ரின். "குறுக்கே வர்றப்போ, மத்த படகு யாருக்கு வலப்பக்கம் தெரியுதோ அவங்கதான் வழிவிடணும்."

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. முந்தத் தொடங்கினால், முழுசாக முந்தி விலகும்வரை ஒதுங்கிப் போவது முந்துகிறவர் பொறுப்பு. பாதியில் கோணம் மாறிவிட்டதென்று அடுத்தவனை ஒதுங்கச் சொல்ல முடியாது. இன்டர்வியூவுக்காக நான் உருப்போட்ட விதி இது. அவளுடைய சோதனை மென்பொருள் ஒவ்வொரு நொடியையும் புதிதாகப் பார்த்தது. முந்தத்தான் தொடங்கினோம் என்பதை மறந்துவிட்டது. நம்ம பிரைவேட் பஸ்காரர்கள் மாதிரி.

வாயை மூடிக்கொண்டேன். திங்கட்கிழமை நல்லா மாட்டட்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அடுத்த சோதனைக்கு மீன்காரர் மறுபடி வள்ளத்தைத் தள்ளினார். மனசு கேட்கவில்லை, சொல்லிவிட்டேன்.

நஸ்ரின் கீபோர்டை இழுத்தாள். மென்பொருளில் அந்த விதியைத் திருத்தி, பதிவான ஓட்டத்தை மறுபடி சோதித்தாள். சிவப்பு. உடனே பெரியவருக்குப் போன் போட்டாள். "சேர், திங்கக்கிழமை வேணாம், தள்ளிப் போடுங்க. பிழை என்னோடது. கண்டுபுடிச்சது என் கூட்டாளி," என்று என் பெயரை இரண்டு தடவை அழுத்திச் சொன்னாள்.

போகிறவர்கள் சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், வழியில் கடை குறைவு. திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டு வையுங்கள்.

அந்த பஸ்ஸில் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால், கண்டுபிடித்தவள் பெயரைச் சொல்ல வாயே திறந்திருக்க மாட்டேன். வேலையைப் பார்த்து வயிறு எரிந்தது போதாதென்று, இப்போது அவள் குணத்தைப் பார்த்தும் எரிகிறது.