ரப்பர் பால் குடித்த மாளு

மாடு வளர்ப்பது சும்மா வேலை என்று நினைப்பவர்கள், மாட்டின் வாய்க்குள் கைவிட்டு ரப்பர் பாலை இழுத்து எடுத்துப் பார்க்கவேண்டும். நான் இழுத்துக்கொண்டிருந்தேன். மாளு என் விரலைக் கடித்தாள்.

மழை நாள்

பக்கத்து ரப்பர் தோட்டம் ஞானதாஸ் சாருடையது. மழை பெய்தால் அங்கே மரத்தைக் கீறும் பால் வெட்டு கிடையாது. பால் பிடிக்க மரத்தில் கட்டிய சிரட்டை எல்லாம் காலியாகக் கிடக்கும். அன்றைக்கு மட்டும் மாட்டை உள்ளே விட்டு மேய்க்கலாம் என்பது எங்கள் வழக்கம். இந்த வருடம் சார் மழை படாமல் மரத்துக்கெல்லாம் பிளாஸ்டிக் கட்டிவிட்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் புல்லைப் பார்த்தேன், மரத்தைப் பார்க்கவில்லை. மழையிலும் வெட்டு நடந்திருக்கிறது. ஒரு வரிசைச் சிரட்டையை மாளு நக்கித் துடைத்துவிட்டாள். அது வயிற்றுக்குள் உறைந்து கட்டியானால் மாடு பிழைப்பது கஷ்டம் என்று மாடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். சார் குடையோடு வந்து நின்று கேட்டார்:

"ஏலே, உனக்க மாடு எனக்க பாலைக் குடிச்சா, உனக்க மாட்டுப்பாலை நாளைக்கு நான் சும்மா குடிக்கலாமா?"

வாளியில் விழுந்தது

மாளு தின்பதை நிறுத்தினாள். அசை போடவில்லை, சாணி போடவில்லை. வயிறு மட்டும் உப்பியது. டாக்டரம்மா வந்து தட்டிப் பார்த்துவிட்டு, கிழித்துத்தான் எடுக்கவேண்டும் என்றார். மரத்துப்போக ஊசி போட்டு, நின்ற நிலையிலேயே இடது பக்கத்தைக் கிழித்தார். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். தேங்காய் அளவுக்கு ஒரு ரப்பர் கட்டி வாளியில் வந்து விழுந்தது. அந்த நாற்றம் இன்னும் என் சட்டையை விட்டுப் போகவில்லை.

"இனி சாணி ஒழுங்கா போட்டா பிழைச்சுக்கும், இல்லன்னா கஷ்டம்தான்" என்று டாக்டரம்மா கை கழுவினார். விஷயம் கேள்விப்பட்டு வந்த சார் மாட்டைப் பார்க்கவில்லை. வாளியைப் பார்த்தார்.

"அது எனக்க தோட்டத்து ஒட்டுப்பாலாக்கும். கழுவி வெயில்ல போட்டு வைலே, விலைக்குப் போவும்."

நாலு பாத்தி

மாட்டைத் தொழுவத்திலேயே கட்டி, இளம்புல்லாகப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கவேண்டுமாம். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டபோது இனி படிக்கவேண்டாம் என்று சந்தோஷப்பட்டேன். புல்லுக்கும் பாடம் உண்டு என்று யாரும் சொல்லவில்லை. வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி தீவனப்புல் இருக்கிறது. ஒன்றை அறுத்தால் அது திரும்ப வளரும் வரை தொடக்கூடாது. தரையை ஒட்டி மூட்டோடு அறுக்கவேண்டும், எரு போடவேண்டும். கொஞ்சம் முற்றிவிட்டால் மாளு முகத்தைத் திருப்பிக்கொள்வாள், பெரிய இடத்துப் பெண் மாதிரி.

பாத்தி போதாத நாளில் வயலுக்குத் தண்ணீர் போகும் சானல் கரைதான். ஈரப் புல்கட்டைத் தலையில் வைத்து, கழுத்து வழியே வெள்ளம் ஒழுக ரோட்டில் ஏறினேன். என்னோடு படித்த ஜெபின் கூட்டாளிகளோடு பைக்கில் திற்பரப்பு அருவிக்குக் குளிக்கப் போய்க்கொண்டிருந்தான். வண்டியை நிறுத்தி வேறு சொன்னான்:

"மக்கா, நீ எதுக்கு ஃபால்ஸுக்கு வரணும்? உனக்க தலையில இருந்தே விழுதே!"

செருப்பு

அம்மா முந்திரி ஆலையில் வேலை பார்க்கிறாள். மாளுவின் பால்தான் வீட்டுக்கு இன்னொரு சம்பளம். அது நின்றுபோய், மருந்துச் செலவு மட்டும் ஓடியது. மாளு எலும்பும் தையலுமாக நின்றாள். சாணி போட்டாலும் ஆட்டுப் புழுக்கை மாதிரிதான்.

"என்னால இனி முடியாது மக்ளே. தரகர் வருவாரு. கயித்தக் குடுத்துட்டு உள்ள போயிரு, பாத்துட்டு நிக்காத" என்று சொல்லிவிட்டு அம்மா வேலைக்குப் போனாள். கறிக்குத்தான் போகும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

தரகர் புதுச் செருப்பு போட்டு வந்தார். நான் கயிற்றை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தேன். அவர் பின்பக்கமாகப் போய்த் தையலை அமுக்கினார். மாளு வாலைத் தூக்கினாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு பச்சையாக, சூடாக, ஒரு கூடைச் சாணி.

"சாவப்போற மாடுன்னு சொல்லித்தானலே உனக்க அம்மை போன் பண்ணுனா? பின்ன இது என்னலே எனக்க செருப்புல?"

கயிற்றைக் கொடுத்துவிட்டு உள்ளே போகச் சொல்லியிருந்தாள் அம்மா. நான் கொடுக்கவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை, மாட்டைத் திரும்பக் கட்டிவிட்டுச் சாணி அள்ளக் குனிந்துவிட்டேன்.